ஏற்றத்தில் சைக்கிள் ஏன் கனக்கிறது?

ஊரில் ரயில்வே மேம்பாலம் இருந்தால், காலை எட்டரை மணிக்கு அதன் அடிவாரத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். சமதளத்தில் அலட்சியமாக மிதித்து வருகிறவர்கள், பாலம் தொடங்கியதும் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதிக்கிறார்கள். பாதி தூரத்தில் சைக்கிள் இடதும் வலதுமாக அலைகிறது. இன்னும் கொஞ்சம் போனதும் இறங்கித் தள்ளுகிறார்கள். தள்ளும்போது முகத்தில் அந்தப் பழைய வேதனை இல்லை. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டேகூடத் தள்ளுகிறார்கள்.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. பாலம் அதேதான். ஆளின் எடையும் சைக்கிளின் எடையும் அதேதான். மிதித்து ஏறினாலும் தள்ளி ஏறினாலும் மேலே போய்ச் சேரும் உயரமும் அதேதான். பிறகு ஏன் மிதிப்பது மட்டும் முடியாமல் போகிறது?

அதே நேரம் கியர் சைக்கிளில் ஒரு பையன் வருகிறான். விரலால் ஒரு நெம்புகோலைத் தட்டுகிறான். கால்கள் வேகமாகச் சுழல, உட்கார்ந்தபடியே பாலத்தைக் கடந்துவிடுகிறான். அவன் சைக்கிளில் மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. அப்படியானால் அந்தக் கூடுதல் பலம் எங்கிருந்து வந்தது?

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். அதைப் பார்க்கப் பாலம் போதாது. பெரிய மலை ஒன்று வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு மலை

பிரான்சின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் ஆல்ப் துயெஸ் என்ற ஊர் இருக்கிறது. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு ஆடுபவர்கள் கூடும் இடம். கீழே பள்ளத்தாக்கில் உள்ள சிற்றூரிலிருந்து அங்கே ஏறும் சாலையின் நீளம் 13.8 கி.மீ. வழியில் 21 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைச் சாலையில் போனவர்கள் வளைவுக்கு வளைவு எண் பலகை பார்த்திருப்பார்கள். இங்கும் உண்டு, ஆனால் எண்கள் தலைகீழாக வரும். அடிவாரத்தில் 21, உச்சிக்கு அருகே 1. ஏறுகிறவருக்கு இன்னும் எத்தனை மிச்சம் என்பதைப் பலகையே சொல்லிவிடும்.

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் 1952இல் முதல்முறையாக இந்தச் சாலைக்கு வந்தது. அன்று காலை சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கிளம்பிய வீரர்கள் 266 கி.மீ. பயணத்தின் கடைசிக் கட்டமாக இந்த மலையில் ஏற வேண்டியிருந்தது. இத்தாலியின் ஃபவுஸ்டோ கோப்பி வென்றார். இன்று வளைவுகளின் பலகைகளில் இங்கே வென்ற வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. 21ஆம் எண் பலகையில் கோப்பியின் பெயரைக் காணலாம்.

இந்தச் சாலை ஏறக்குறைய 1,120 மீட்டர் உயரத்தை ஏறுகிறது. தஞ்சைப் பெரிய கோவிலின் 216 அடி விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக 17 முறை அடுக்கினால் வரும் உயரம் அது. இந்த மலையில் நாம் ஒருவரை ஏற்றிப் பார்ப்போம். அவர் எடை 60 கிலோ, சைக்கிள் 10 கிலோ, மொத்தம் 70 கிலோ. இனி இந்த அத்தியாயம் முழுக்க இவர்தான் நம் ஆள்.

நாலரை டிகிரிதானா?

நூறு மீட்டர் சாலையில் எத்தனை மீட்டர் உயர்கிறோம் என்பதை ‘சாய்வு’ என்று அழைப்போம். ஆல்ப் துயெஸ் சாலையின் சராசரிச் சாய்வு 8.1 சதவீதம். நூறு மீட்டர் ஓட்டினால் எட்டு மீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்திருப்போம். முதல் சில கிலோமீட்டர்களில் இது பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

பள்ளிக்கூடக் கோணமானியில் இது எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியம் வரும். 8.1 சதவீதம் என்பது 4.6 டிகிரி. காகிதத்தில் வரைந்தால் படுத்துக் கிடக்கும் கோடு போலத்தான் தெரியும். உலகின் பேர்பெற்ற ஏற்றங்களில் ஒன்று ஐந்து டிகிரிகூட இல்லை என்றால் நம்ப மனம் வராது.

நம்ப மறுப்பதற்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ப்ராஃபிட் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேடான பாதைகளின் அடியில் ஆட்களை நிறுத்தி, எத்தனை டிகிரி இருக்கும் என்று கேட்டார்கள். ஐந்து டிகிரி மேட்டை அவர்கள் இருபது டிகிரி அளவில் மதிப்பிட்டார்கள். கண் ஏற்றத்தை நாலு மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆனால் கால்கள் படும் பாடு நிஜமாகவே பெரிது. நாலரை டிகிரிச் சாய்வு அவ்வளவு வலிமையானது எப்படி?

பின்னால் இழுக்கும் ஆறு கிலோ

சமதளத்தில் சைக்கிள் ஓட்டுபவரின் எடையைச் சாலையே முழுசாகத் தாங்கிக்கொள்கிறது. முன்னே போவதற்கு அவர் எதிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, டயர் நசுங்கி நசுங்கி உருள்வதால் வரும் உராய்வு. மற்றது, முகத்தில் மோதும் காற்று. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடையின் இழுப்புக்குச் சமம். சைக்கிளின் பின்னால் ஒரு கயிற்றைக் கட்டி, அதைக் கப்பி வழியே விட்டு, நுனியில் ஒன்றரை கிலோ கல்லைத் தொங்கவிட்டால் எப்படி இழுக்குமோ, அவ்வளவுதான்.

சாலை சாயத் தொடங்கியதும் மூன்றாவது எதிரி வருகிறது. எடையின் ஒரு பங்கு இப்போது பின்பக்கமாக இழுக்கிறது. எவ்வளவு பங்கு என்பதைச் சாய்வே சொல்லிவிடும். எட்டு சதவீதச் சாய்வு என்றால் எடையில் எட்டு சதவீதம். நம் ஆளின் 70 கிலோவில் 8.1 சதவீதம் 5 கிலோ 700 கிராம். டயர் உராய்வையும் சேர்த்தால் ஆறு கிலோ.

மெதுவாக ஏறுவதால் காற்றுத்தடை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஆனாலும் ஒன்றரை கிலோ இருந்த இழுப்பு ஆறு கிலோ ஆகிவிட்டது. நாலு மடங்கு! சமதளம் என்பது எவ்வளவு பெரிய சலுகை என்பது ஏற்றத்தில்தான் புரிகிறது. சைக்கிளைப்போல் குறைந்த செலவில் மனிதனை நகர்த்தும் வாகனம் வேறு இல்லை. தரையில் செலவு அவ்வளவு சொற்பம் என்பதால்தான் சின்னச் சாய்வும் அதைப் பல மடங்காக்கிவிடுகிறது.

சரி, ஆறு கிலோதானே? கையில் ஆறு கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு கடையிலிருந்து நடந்து வருகிறோமே! அதற்கா இவ்வளவு மூச்சு வாங்குகிறது?

பாதத்துக்கு வரும்போது முப்பது

அந்த ஆறு கிலோ இழுப்பு பின்சக்கரம் சாலையைத் தொடும் இடத்தில் இருக்கிறது. நம் பாதம் இருப்பது பெடலில். இரண்டுக்கும் நடுவே பெடல் தண்டான கிராங்கும் செயினும் பல்சக்கரங்களும் இருக்கின்றன. அவை இழுப்பை அப்படியே கொண்டுவருவதில்லை.

கியர் இல்லாத ஒரு சைக்கிளை எடுத்துக்கொள்வோம். முன்னால் பெரிய பல்சக்கரத்தில் 44 பல். பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். பெடலை ஒரு முழுச்சுற்று சுற்றினால் செயின் 44 பல் நகரும். பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும். சைக்கிள் 5.4 மீட்டர் முன்னே போகும். அதே ஒரு சுற்றில் பாதம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது? 17 செ.மீ. கிராங்கின் நுனியில் ஒரு வட்டம், அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். பாதம் ஒரு மீட்டர் போனால் சைக்கிள் ஐந்து மீட்டர் போகிறது.

இயற்கையில் இலவசம் கிடையாது. தூரம் ஐந்து மடங்கு கிடைத்தால், அழுத்தமும் ஐந்து மடங்கு தர வேண்டும். சமதளத்தின் ஒன்றரை கிலோ இழுப்பு பாதத்தில் ஏழரை கிலோவாக வரும். கால் அதை உணர்வதே இல்லை. மலையின் ஆறு கிலோ, பாதத்தில் முப்பது கிலோ.

அதுவும் சராசரிக் கணக்கு. பெடல் மேலே உச்சியிலும் கீழே அடியிலும் இருக்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் கிராங்க் சுழலாது. அழுத்தம் தண்டின் நீளவாக்கில் வீணாகிறது. கிராங்க் படுக்கைவாட்டில் இருக்கும் கணத்தில்தான் அழுத்தம் முழுசாக வேலை செய்கிறது. சராசரி முப்பது வர வேண்டுமானால், அந்தக் கணத்தில் நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். நம் ஆளின் எடையே அறுபதுதான். உட்கார்ந்தபடி அவ்வளவு அழுத்தத்தை விடாமல் தருவது கடினம். அதனால்தான் எழுந்து நிற்கிறார். தசை மட்டும் தர முடியாததை உடம்பின் எடையைக் கொண்டு தருகிறார்.

சாதாரண உடல்நலம் உள்ள ஒருவர் மணிக்கணக்கில் தரக்கூடிய உழைப்பு சுமார் 100 வாட். ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றலைத் தருகிறோம் என்பதுதான் ‘திறன்’. அதன் அலகு வாட். நூறு வாட்டில் நம் ஆள் இந்த மலையில் மணிக்கு ஆறு கி.மீட்டருக்கும் குறைவாகத்தான் போக முடியும். கியர் இல்லாத சைக்கிளில் அந்த வேகம் என்றால் பெடல் நிமிடத்துக்கு 18 சுற்றுதான். ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றரை நொடிக்கு மேல். மிதி அடியில் போய் நிற்கும் ஒவ்வொரு முறையும் சைக்கிள் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சைக்கிள் விழாமல் நிற்பதே ஓடுவதால்தான். ஓட்டம் குறைந்ததும் கைப்பிடி ஆடத் தொடங்குகிறது. பாலத்தின் நடுவில் பார்த்த அந்த அலைச்சல் இதுதான்.

பல்சக்கரம் செய்யும் பங்கீடு

இப்போது நம் ஆளுக்குக் கியர் சைக்கிள் கொடுப்போம். முன்னால் 34 பல், பின்னால் 32 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரமும் ஏறக்குறைய ஒரே ஒரு சுற்றுதான். சைக்கிள் 2.2 மீட்டர் நகரும். பாதம் போகும் ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர். மலையின் ஆறு கிலோ இழுப்பு பாதத்தில் பன்னிரண்டு கிலோவாக வந்து சேரும். முப்பது எங்கே, பன்னிரண்டு எங்கே! உட்கார்ந்தபடியே மிதிக்கலாம்.

இதற்கு அவர் தரும் விலை சுற்றுகளின் எண்ணிக்கை. கியர் இல்லாத சைக்கிளில் 13.8 கி.மீ. ஏறச் சுமார் 2,550 சுற்றுகள் போதும். கியர் சைக்கிளில் சுமார் 6,250. முப்பது கிலோவை 2,550 முறை; பன்னிரண்டு கிலோவை 6,250 முறை. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். விடை ஏறக்குறைய ஒன்றே.

ஆக, கியர் ஒரு துளி பலத்தைக்கூடத் தரவில்லை. மலை கேட்கும் மொத்த உழைப்பில் ஒரு துளியையும் குறைக்கவில்லை. உழைப்பைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்துக் கொடுத்தது. மேம்பாலத்துப் பையனிடம் கூடுதல் பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டோமே, அதற்கு விடை, கூடுதல் பலம் வரவே இல்லை.

தசை வைத்திருக்கும் தனிக் கணக்கு

ஆனால் கேள்வி இன்னும் முடியவில்லை. மொத்த உழைப்பு ஒன்றுதான் என்றால் கால் ஏன் வித்தியாசம் பார்க்கிறது? முப்பது கிலோவை 2,550 முறை அழுத்திய கால் ஓய்ந்துபோக, பன்னிரண்டு கிலோவை 6,250 முறை அழுத்திய கால் எப்படித் தாங்குகிறது?

காரணம் தசையின் அமைப்பில் இருக்கிறது. தொடைத்தசை ஒரே மாதிரியான இழைகளால் ஆனதல்ல. மெதுவாகச் சுருங்கி, பிராணவாயுவைக் கொண்டு கொழுப்பையும் சர்க்கரையையும் நிதானமாக எரித்து, மணிக்கணக்கில் உழைக்கும் ‘நிதான இழைகள்’ ஒரு வகை. சட்டென்று சுருங்கி, பெரும் அழுத்தம் தந்து, சீக்கிரமே களைத்துவிடும் ‘வேக இழைகள்’ இன்னொரு வகை. எல்லா இழைகளும் எப்போதும் வேலை செய்வதில்லை. யாரை எப்போது அழைப்பது என்பதற்கு நரம்புகளிடம் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அமெரிக்க உடலியல் ஆய்வாளர் எல்வுட் ஹென்மன் இதைக் கண்டறிந்தார். குறைந்த அழுத்தம் போதுமென்றால் முதலில் நிதான இழைகளே அழைக்கப்படும். கேட்கும் அழுத்தம் கூடக் கூடத்தான் வேக இழைகளுக்கு அழைப்பு போகும்.

பன்னிரண்டு கிலோ மிதி பெரும்பாலும் நிதான இழைகளோடு முடிந்துவிடுகிறது. முப்பது கிலோ மிதி ஒவ்வொன்றும் வேக இழைகளை எழுப்புகிறது. சில நிமிடங்களில் அவை களைக்கின்றன, கால் எரிகிறது. இறுகிய தசை தன் ரத்தக் குழாய்களையே நெருக்குவதால் பிராணவாயு வருவதும் தடைப்படுகிறது. நிமிடத்துக்கு 18 சுற்று என்றால் இறுக்கம் நீள்கிறது. 43 சுற்று என்றால் இறுக்கமும் தளர்வும் சீக்கிரம் மாறி மாறி வந்து ரத்தம் ஓட வழி கிடைக்கிறது.

இயற்பியலின் கணக்கில் நகராத பொருளைத் தாங்கி நிற்பது வேலையே ஆகாது. உடம்பின் கணக்கு வேறு. நீட்டிய கையில் ஒரு குடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். குடம் ஓர் அங்குலம்கூட உயராது, ஆனால் இரண்டே நிமிடத்தில் தோள் கெஞ்சும். மலை உயரத்துக்கு மட்டும்தான் விலை கேட்கிறது. தசையோ தான் தரும் ஒவ்வொரு அழுத்தத்துக்கும், அதை எவ்வளவு நேரம் தருகிறது என்பதற்கும் சேர்த்து விலை கேட்கிறது. இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவே நின்று சமரசம் செய்வதுதான் கியர்.

இறங்கித் தள்ளுவது ஏன் சுலபம் என்பதும் இப்போது விளங்கிவிடும். தள்ளும்போது மணிக்கு மூன்று கி.மீ. வேகத்தில் போனாலும் சைக்கிள் சாய்ந்துவிடாது. இரண்டு கால்களும் தரையில் இருக்கின்றன. வேகம் பாதியானால் ஒரு நொடிக்குத் தர வேண்டிய உழைப்பும் பாதியாகிறது. ஒவ்வொரு எட்டிலும் உடல் எடையின் பெரும்பங்கை நேராக நிற்கும் கால் எலும்புகளே தாங்கிக்கொள்கின்றன. சிறு எட்டு வைத்து, சிறிது சிறிதாக உயர்கிறோம். இறங்கித் தள்ளுவதும் ஒரு கியர்தான். கியர் இல்லாத சைக்கிளில் மனிதன் தானே கண்டுபிடித்துக்கொண்ட கடைசிக் கியர். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கியரை மறுத்த பந்தயம்

ஆனால் கியரையே வெட்கமாக நினைத்தவர்கள் உண்டு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903இல் தொடங்கிய பத்திரிகை ஆசிரியர் ஆன்ரி தெகிராஞ்ச் அவர்களில் முக்கியமானவர். பந்தயம் என்பது மனிதனின் தசைக்கும் மன உறுதிக்குமான சோதனை, பல்சக்கரத்தை மாற்றும் கருவிகள் அதைக் கெடுத்துவிடும் என்பது அவர் கட்சி. 1910இல் பந்தயத்தை பிரெனீஸ் மலைகளின் உயர்ந்த கணவாய்களுக்குக் கொண்டுபோனபோதும் அவர் மனம் மாறவில்லை. 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயில் அந்த ஆண்டு முதலாவதாக வந்தவர் ஒக்டாவ் லாபீஸ். வழியில் அவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுப் பந்தயத்தையே அவர்தான் வென்றார்.

அந்தக் கால வீரர்களின் பின்சக்கரத்தில் இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவுப் பல்சக்கரங்கள் இருந்தன. மலையடிவாரம் வந்ததும் இறங்குவார்கள். சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டி, செயினை ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்புவார்கள். உச்சி வந்ததும் திரும்ப அதே வேலை. குளிரில் விறைத்த விரல்களால் திருகை முறுக்கிய நிலையை நினைத்துப் பாருங்கள்.

அதே பிரான்சில் செயின்ட் எத்தியேன் நகரத்தில் போல் தெ விவி என்றொருவர் இருந்தார். ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதியவர். சைக்கிள் இதழ் ஒன்றின் ஆசிரியர். ஊரைச் சுற்றி மலை. ஓடும்போதே கியர் மாற்றும் வழிகளைத் தன் சைக்கிளிலேயே சோதித்துப் பார்த்து, அதற்காக வாழ்நாள் முழுக்க வாதாடினார். 1930இல் அவர் இறக்கும்வரை டூர் டி பிரான்ஸ் அதை ஏற்கவில்லை. 1936இல் உடல்நலம் குன்றிய தெகிராஞ்ச் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டே, 1937இல், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் கருவி அனுமதிக்கப்பட்டது.

தெகிராஞ்ச் கியரை ஒரு சலுகை என்று நினைத்தார். நம் கணக்கு அதை மறுக்கிறது. கியர் யாருடைய உழைப்பையும் குறைப்பதில்லை. 1952இல் கியரோடு ஏறிய கோப்பியும் அதே 1,120 மீட்டரைத் தன் இரண்டு கால்களால்தான் ஏறினார்.

சாலையும் ஒரு கியர்

பாலத்தில் இன்னொன்றையும் பார்த்திருப்பீர்கள். சில பிள்ளைகள் நேராக ஏறாமல் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகப் பாம்புபோல் வளைந்து ஏறுவார்கள். வண்டிகள் வரும் சாலையில் அது ஆபத்து. ஆனால் அவர்கள் உடம்பு கண்டுபிடித்திருக்கும் உண்மை சரியானது. குறுக்கே போனால் தூரம் கூடும், சாய்வு குறையும்.

மலைச்சாலை அமைக்கும் பொறியாளர்கள் செய்வதும் அதுவே. ஆல்ப் துயெஸின் 1,120 மீட்டரை வளைவே இல்லாத ஐந்து கி.மீ. சாலையில் ஏற்ற நினைத்திருந்தால் சாய்வு 22 சதவீதம் ஆகியிருக்கும். நம் ஆளைப் பின்னால் இழுப்பது ஆறு கிலோவாக இருக்காது, பதினாறு கிலோ. 34க்கு 32 கியரிலும் பாதத்தில் முப்பதுக்கு மேல் வந்து நிற்கும். 21 வளைவுகள் போட்டு நீட்டியதால்தான் அது எட்டு சதவீதத்துக்கு இறங்கியது. பல்சக்கரம் சைக்கிளுக்குள் செய்யும் பங்கீட்டை கொண்டை ஊசி வளைவு மலையின் மேலேயே செய்துவிடுகிறது. இங்கே வளைவு திரும்பும் இடங்களில் சாய்வும் சற்றுத் தணிகிறது. ஏறுகிறவர்கள் அங்கே நாலு மிதி இலகுவாக மிதித்து மூச்சைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எட்டு வாழைப்பழம்

மலை கேட்கும் மொத்த விலை எவ்வளவு என்று இப்போது பார்க்கலாம். 70 கிலோவை 1,120 மீட்டர் தூக்குவதற்கு வேண்டிய ஆற்றல், உணவின் அளவில் சொன்னால், சுமார் 184 கலோரி. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 100 கலோரி. இரண்டு வாழைப்பழம் கூட வேண்டாம்!

ஆனால் உடம்பு அந்த ஆற்றலில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்குக் கொண்டுவருகிறது. மிச்சம் வெப்பமாகிவிடுகிறது. எனவே இரண்டு பழத்தின் வேலைக்கு எட்டுப் பழத்தின் ஆற்றல் எரிய வேண்டும். டயர் உராய்வையும் காற்றையும் சேர்த்தால் ஒன்பது.

ஒரு மணி நேரத்தில் ஏற நினைத்தால் நம் ஆள் 240 வாட் அளவில் விடாமல் தர வேண்டும். நன்றாகப் பயிற்சி செய்தவருக்குத்தான் அது முடியும். சமதளத்தில் அதே 240 வாட் அவரைக் குனிந்த நிலையில் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் கொண்டுபோகும், இங்கே மணிக்கு 13.8 கி.மீ.தான். நூறு வாட் தருபவருக்கு இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் இருவரும் எரிக்கும் வாழைப்பழங்கள் ஏறக்குறைய ஒன்றே. மலை நேரத்தைக் கேட்பதில்லை.

சமதளத்தில் காற்றுதான் எதிரி. எடை பெரிய விஷயமில்லை. மலையில் நிலைமை தலைகீழ். அதனால்தான் மலைப்பாதைகளில் மெலிந்த வீரர்கள் முந்துகிறார்கள். வாட் எவ்வளவு என்பதைவிட ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தனை வாட் என்பதே அங்கே முடிவு செய்கிறது. சைக்கிளில் ஒரு கிலோ குறைந்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் முக்கால் நிமிடம் மிச்சமாகும். இதற்காகச் சைக்கிளை ஆபத்தான அளவுக்கு இளைக்க வைத்துவிடக் கூடாது என்பதால், உலக சைக்கிள் சங்கம் பந்தய சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதித்திருக்கிறது.

வெப்பமாகப் போகும் மிச்ச முக்கால் பங்கையும் மறந்துவிடக் கூடாது. அதை வெளியேற்ற ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை ஆவியாக வேண்டும். சமதளத்தில் எதிரியாக இருந்த காற்று அங்கே உடம்பைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் வேகம் குறைவதால் அந்தக் காற்றும் இல்லை. வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தியும் குறைகிறது. கடல்மட்டத்திலிருந்து 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அடிவாரத்தில் வேகமாக மிதித்துவிட்டால் பிறகு ஈடுகட்ட முடியாமல் போவது இதனால்தான். பேச்சு திக்காமல் வரும் அளவுக்கு முதல் வளைவுகளை ஏறுவது, தாகம் எடுக்கும் முன்பே குடிப்பது, கால் எரியத் தொடங்கும் முன்பே கியரைக் குறைப்பது ஆகிய மூன்றும் அனுபவசாலிகள் சொல்லும் பாடங்கள். மூன்றுக்கும் பின்னால் இந்தக் கணக்குகள்தான் நிற்கின்றன.

உங்கள் சைக்கிளின் பற்களை எண்ணுங்கள்

நம் ஊர்க் கடைகளில் விற்கும் சாதாரண சைக்கிள்கள் பெரும்பாலும் ஒரே கியர் கொண்டவை. சமதள ஊர்களுக்கு அவை அருமையானவை. பழுது குறைவு, யாரும் சரிசெய்துவிடலாம். ஆனால் மேடும் பள்ளமுமான ஊரில் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே தினமும் ஏறி இறங்கும் பிள்ளைக்கும் அதே பல்சக்கரத்தைத்தான் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளை பாதி வழியில் இறங்கித் தள்ளினால் ‘தெம்பு இல்லை’ என்கிறோம். தெம்பில் குறை இல்லை. பற்களின் எண்ணிக்கைதான் அந்தச் சாலைக்குப் பொருந்தவில்லை.

இதைச் சரிசெய்யப் புது சைக்கிள்கூடத் தேவையில்லை. பின்சக்கரத்தின் 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் ஃப்ரீவீல் மாட்டச் சொல்லுங்கள். செயினில் இரண்டொரு கண்ணி கூட்ட வேண்டியிருக்கலாம். நம் எடுத்துக்காட்டின் முப்பது கிலோ மிதி இருபத்தைந்துக்கும் கீழே இறங்கிவிடும். சமதளத்தில் கால் சற்று வேகமாகச் சுழலும், அவ்வளவுதான். தெருமுனை சைக்கிள் கடையில் சின்ன வேலை இது. மேட்டுத்தெருவில் குடியிருக்கும் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு இயற்பியல் செய்யக்கூடிய உடனடி உதவி இதைவிட வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.